மூன்று தெருக்களின் பெயர் தாங்கிய இசை: கேப் பேண்டும் சார்லி வில்சனும்

இன்றைய சொற்பொழிவின் பொருள் ஒரு குடும்ப இசைக்குழுவின் வரலாறு. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில் பிறந்து, 1970களின் இறுதியிலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை ஃபங்க் இசையுலகில் கொடிகட்டிப் பறந்த கேப் பேண்ட் என்னும் குழுவையும், அதன் முன்னணிப் பாடகராக நின்ற சார்லி வில்சனையும் பற்றியே இங்குப் பேசப்படுகிறது.

பாடல் நிலைத்தால் பாடியவரும் நிலைத்துவிடுவார் என்று பொதுவாக எல்லோரும் நம்புகிறார்கள். அது உண்மையா? ஊரெங்கும் ஒலிக்கும் ஒரு பாட்டு, அதைப் பாடியவருக்கு ஒரு வேளைச் சோற்றையேனும் உறுதிசெய்கிறதா? விழுந்துபோன கலைஞரைத் தூக்கி நிறுத்துவது அவருடைய புகழா, அவரைச் சூழ்ந்த மனிதர்களா? வில்சன் சகோதரர்களின் வாழ்க்கை இந்தக் கேள்விகளுக்கெல்லாம் தெளிவான விடை சொல்கிறது. அதனாலேயே அது இசை ரசிகர்களுக்கு மட்டுமின்றி, கலைஞர்களை மதிக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய வரலாறாகிறது.

முதலில் ஃபங்க் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1960களின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் பிரவுன் என்னும் கறுப்பினப் பாடகரும் அவருடைய குழுவினரும் வடிவமைத்த இந்த இசைமுறையில், மெட்டைவிடத் தாளத்திற்கே முதலிடம் தரப்படுகிறது. நான்கு அடிகள் கொண்ட தாளச் சுற்றில் முதல் அடி அழுத்தமாக விழ, பாஸ் கிட்டார், டிரம்ஸ், கிட்டார், ஊதுகருவிகள் ஆகிய அனைத்தும் அந்த அடியை ஊன்றிக்கொண்டு, ஒன்று விட்ட இடைவெளியை மற்றொன்று நிரப்புமாறு வாசிக்கின்றன. ஒருவர் மட்டும் ஓங்கி ஒலித்தால் ஃபங்க் கெட்டுவிடும். ஒருவர் மட்டும் பின்தங்கினாலும் அது குலைந்துவிடும். ஆகவே ஃபங்க் என்பது கூட்டுழைப்பின் இசை. ஒரே வீட்டில் ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து வளர்ந்த சகோதரர்களுக்கு இந்த இசை எளிதில் கைவந்ததில் வியப்பில்லை.

ரோனி, சார்லி, ராபர்ட் என்னும் வில்சன் சகோதரர்கள் மூவரில் மூத்தவரான ரோனி 1948இலும், அடுத்தவரான சார்லி 1953இலும், இளையவரான ராபர்ட் 1956இலும் பிறந்தார்கள். தந்தை ஆஸ்கர் வில்சன் பெந்தெகொஸ்தே சபையின் போதகர். ஆகவே பிள்ளைகளின் முதல் இசைப்பள்ளி தேவாலயமாக அமைந்தது. அந்தச் சபைகளின் வழிபாட்டில் போதகர் ஒரு வரி சொல்ல, கூடியிருப்போர் மறுவரி சொல்வார்கள். பேச்சு மெல்லமெல்லப் பாட்டாக மாறும். பாட்டு கைத்தட்டலோடும் தாளத்தோடும் உச்சத்திற்கு ஏறும். குரலை எங்கே அடக்க வேண்டும், எங்கே உடைத்துவிட வேண்டும், எங்கே ஒரே அசையைப் பத்துச் சுரங்களில் வளைத்துக் காட்ட வேண்டும் என்பதைச் சிறுவன் சார்லி எந்த இசை ஆசிரியரிடமும் கற்பதற்கு முன்னரே, தந்தையின் பிரசங்க மேடைக்கு அருகிலேயே கற்றுக்கொண்டார் எனலாம்.

தேவாலயம் குரலைத் தந்தது. பெயரைத் தந்தது எது? டல்சா நகரத்தின் தெருக்கள்தாம் பெயரைத் தந்தன. 1960களின் பிற்பகுதியில் ரோனி தொடங்கி, பின்னர் தம்பியர் இருவரும் இணைந்த குழு, கிரீன்வுட், ஆர்ச்சர், பைன் என்னும் மூன்று தெருக்களின் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. மூன்று பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் கேப் என்று வரும். நீண்ட பெயர் இவ்வாறு சுருங்கி நிலைத்தது. உலகெங்கும் இக்குழுவின் பாட்டுக்கு ஆடிய பெரும்பாலோருக்கு, தாங்கள் உச்சரிக்கும் பெயருக்குள் மூன்று தெருக்கள் இருப்பது தெரியாது.

அந்தத் தெருக்கள் சாதாரணத் தெருக்களா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இனப்பாகுபாட்டுச் சட்டங்கள் கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், அம்மக்கள் தங்கள் உழைப்பால் உணவகங்கள், திரையரங்குகள், மருத்துவமனை, செய்தித்தாள் அலுவலகங்கள், வழக்கறிஞர் அலுவலகங்கள் என ஒரு முழு நகரப்பகுதியையே கிரீன்வுட்டில் எழுப்பினார்கள். அதன் வணிக இதயமாக விளங்கியது, கிரீன்வுட்டும் ஆர்ச்சரும் சந்திக்கும் முனை. 1921 மே 31 அன்றும் ஜூன் 1 அன்றும் வெள்ளையர் கும்பல் அப்பகுதிக்குள் புகுந்து சூறையாடித் தீவைத்தது. ஏறத்தாழ 35 கட்டடத் தொகுதிகள் எரிந்து சாம்பலாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் வீடிழந்தனர். இறந்தவர்களின் எண்ணிக்கை 300 வரை இருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் அந்தக் கொடுமை பாடநூல்களில் இடம்பெறவில்லை, பொதுமேடைகளிலும் பேசப்படவில்லை. ஓக்லஹோமா மாநிலம் அமைத்த விசாரணை ஆணையத்தின் அறிக்கையே 2001ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது.

அந்த நீண்ட மௌனத்தின் நடுவே, அத்தெருக்களின் பெயரை மூன்று இளைஞர்கள் தங்கள் குழுவின் பெயராக்கினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1982இல் அவர்கள் வெளியிட்ட, குண்டு விழுவது போன்ற ஒலியுடன் கூடிய ‘யூ டிராப்ட் எ பாம்ப் ஆன் மீ’ என்னும் பாடல் 1921ஆம் ஆண்டின் அழிவையே குறிக்கிறது என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அப்பாடலின் சொற்களைக் கவனித்துக் கேட்போருக்கு, அது காதலில் நிலைகுலைந்த ஒருவரின் பேச்சு என்பது விளங்கும். நினைவுச் சின்னத்தை ஒரு பாடலுக்குள் தேட வேண்டியதில்லை. குழுவின் பெயரே நினைவுச் சின்னமாக நிற்கிறது. ஒவ்வோர் இசைத்தட்டின் அட்டையிலும், ஒவ்வொரு மேடையின் பதாகையிலும், ஒவ்வொரு வானொலி அறிவிப்பிலும் அந்தப் பெயர் ஒலித்துக்கொண்டே இருந்தது.

இனி அக்குழுவின் வளர்ச்சியைக் காண்போம். டல்சாவைச் சேர்ந்த புகழ்பெற்ற ராக் இசைக்கலைஞர் லியான் ரஸல், பழைய தேவாலயம் ஒன்றை வாங்கி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி நடத்திவந்தார். அவர் 1974இல் வெளியிட்ட ‘ஸ்டாப் ஆல் தட் ஜாஸ்’ என்னும் தொகுப்பில் கேப் பேண்ட் பின்னணி இசைத்தது. அதே ஆண்டில் ரஸலின் ஷெல்டர் நிறுவனத்தின் வழியே குழுவின் முதல் தொகுப்பும் வெளிவந்தது. அத்தொகுப்பு பெரிதாக விற்கவில்லை. இருந்தும் சகோதரர்கள் மனம் தளரவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சென்றவர்கள், டோட்டல் எக்ஸ்பீரியன்ஸ் என்னும் இரவு விடுதியையும் ஒலிப்பதிவுக் கூடத்தையும் நடத்திய தயாரிப்பாளர் லானி சிமன்ஸுடன் இணைந்தார்கள். அந்தக் கூட்டணியே அவர்களுடைய பொற்காலத்தைத் திறந்துவிட்டது.

1979இல் வெளிவந்த ‘ஊப்ஸ் அப்சைட் யுவர் ஹெட்’ என்னும் பாடல் அவர்களைக் கடல் கடந்து கொண்டுசென்றது. இப்பாடலில் கதையும் இல்லை, சிக்கலான மெட்டும் இல்லை. பாஸ் ஒலி ஒரே வட்டத்தில் சுழல, அதன்மேல் விளையாட்டுப் பேச்சும் கூட்டுக் கூவலும் மாறிமாறி வருகின்றன. பிரிட்டனில் இப்பாடல் ஒலித்தவுடன் ஆடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே தரையில் ஒருவர் பின் ஒருவராகக் கால்களை நீட்டி அமர்ந்து, துடுப்பு வலிப்பதுபோல் முன்னும் பின்னும் சாய்ந்து ஆடும் வழக்கம் தோன்றியது. திருமண விருந்துகளில் முதியவர்களும் சிறுவர்களும் ஒரே வரிசையில் அமர்ந்து இவ்வாறு ஆடும் வழக்கம் அங்கே வேரூன்றியது. கூட்டமாக வாசிக்கப்பட்ட இசை, கேட்பவர்களையும் கூட்டமாக்கிய காட்சி இது.

அடுத்து வந்த ஆண்டுகள் வெற்றியின் ஆண்டுகள். 1980இல் வெளிவந்த மூன்றாம் எண்ணிட்ட தொகுப்பும், 1982இல் வெளிவந்த நான்காம் எண்ணிட்ட தொகுப்பும் அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளுக்கு வழங்கப்படும் பிளாட்டினம் தகுதியைப் பெற்றன. ‘பர்ன் ரப்பர் ஆன் மீ’, ‘எர்லி இன் தி மார்னிங்’, ‘அவுட்ஸ்டாண்டிங்’ ஆகிய மூன்று பாடல்களும் பில்போர்டு இதழின் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தன. ஜேம்ஸ் பிரவுன் காலத்து ஃபங்க் இசையில் கேட்ட பாஸ் கிட்டாரின் இடத்தில், மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் சின்தசைசர் கருவியின் தடித்த, உருண்டோடும் ஒலியை இக்குழு பெரிதும் பயன்படுத்தியது. சேவல் கூவுவதையும் கடிகார மணி அடிப்பதையும் பாட்டின் தொடக்கத்திலேயே சேர்த்து, கேட்பவரைச் சிரிக்கவும் நிமிரவும் வைத்தது. ஃபங்க் இசை கைக்கருவிகளிலிருந்து மின்னணுக் கருவிகளுக்கு மாறிய காலத்தில், அந்த மாற்றத்தில் மனிதச் சூடு குறையாமல் காத்த குழுக்களுள் கேப் பேண்ட் முன்வரிசையில் நிற்கிறது.

‘அவுட்ஸ்டாண்டிங்’ என்னும் ஒரு பாடலைச் சற்று நெருங்கிக் கேட்டால் இதன் நுட்பம் புலப்படும். இதை எழுதியவர் மூன்று சகோதரர்களுள் ஒருவரல்லர். குழுவின் டிரம்ஸ் கலைஞரான ரேமண்ட் கல்ஹூன். ஆகவே பாட்டின் உயிர் டிரம்ஸில் இருக்கிறது. அவசரமில்லாத நடையில் விழும் அடியும், அதனோடு ஒட்டியே நகரும் பாஸ் ஒலியும் தொடக்கம் முதல் முடிவுவரை பெரிதாக மாறுவதே இல்லை. பின்னணிக் குரல்கள் பாட்டின் தலைப்புச் சொல்லைத் திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மாறாத அந்தத் தளத்தின்மேல் சார்லியின் குரல் மட்டும் விருப்பம்போல் உலவுகிறது. ஒரு வரியைக் கொஞ்சலாகச் சொல்லி, அடுத்த வரியைத் தொண்டை கிழியக் கூவி, மூன்றாவது வரியைப் பாதியிலேயே விட்டுவிட்டுப் பின்னணிக் குரல்களை முடிக்கவிடுகிறது. போதகர் ஒரு வரி சொல்லச் சபையார் மறுவரி சொன்ன அந்தப் பழைய தேவாலய முறையே இங்குக் காதற்பாட்டாக வடிவெடுத்திருக்கிறது. முன்னணிப் பாடகரின் சுதந்திரம், பின்னால் நிற்பவர்கள் காக்கும் ஒழுங்கிலிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

ஆனால் அந்த ஒழுங்கு மேடையில் இருந்த அளவுக்கு வாழ்க்கையில் இருந்ததா? இங்கேதான் வரலாறு கசக்கத் தொடங்குகிறது. இசைத்தட்டுகள் லட்சக்கணக்கில் விற்றன. ஆனால் அந்த வருவாயில் உரிய பங்கு தங்களை வந்தடையவில்லை என்று சார்லி பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசினார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத அந்நிலையோடு, இசையுலகில் அன்று எளிதாகக் கிடைத்த கொக்கெய்ன் பழக்கமும் மதுப்பழக்கமும் சேர்ந்துகொண்டன. 1980களின் நடுப்பகுதிக்குப்பின் அமெரிக்காவில் குழுவின் செல்வாக்குச் சரிந்தது. 1989இல் ‘ஆல் ஆஃப் மை லவ்’ என்னும் பாடல் மீண்டும் பட்டியலின் உச்சிக்குச் சென்றபோதும், முன்னணிப் பாடகரின் உடலும் மனமும் கீழ்நோக்கியே சென்றுகொண்டிருந்தன. 1990களின் முற்பகுதியில் அவர் வீடின்றி, ஹாலிவுட் தெருக்களில் உறங்கும் நிலைக்கு வந்துசேர்ந்தார். தெருக்களின் பெயரால் புகழ்பெற்ற குழுவின் பாடகர், வேறோர் ஊரின் தெருவில் படுத்துக் கிடந்தார்.

அதே ஆண்டுகளில் அவருடைய பாடல்கள் எங்கே இருந்தன? அவை புத்தம்புது இசைத்தட்டுகளில் இருந்தன. பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அதையே திரும்பத்திரும்ப ஒலிக்கவிட்டு, அதன்மேல் புதிய வரிகளைச் சொல்லும் முறைக்குச் சாம்ப்ளிங் என்று பெயர். ஹிப்ஹாப் இசையின் அடித்தளம் அது. 1993இல் கூடைப்பந்து வீரர் ஷக்கீல் ஓ’நீல் வெளியிட்ட ராப் பாடலொன்று ‘அவுட்ஸ்டாண்டிங்’ பாடலின்மீது எழுப்பப்பட்டது. 1994இல் நியூயார்க்கின் இளம் கவிஞர் நாஸ் வெளியிட்டு, இன்றும் ஹிப்ஹாப்பின் உச்சங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் ‘இல்மேட்டிக்’ தொகுப்பில், கேப் பேண்டின் ‘இயர்னிங் ஃபார் யுவர் லவ்’ ஒரு பாடலுக்கு அடித்தளமானது. மகிழுந்துகளில் அந்த இசை ஒலித்தது, விருந்துகளில் ஒலித்தது, வானொலியில் ஒலித்தது. பாட்டு வாழ்ந்தது, பாடியவர் வாடினார். புகழ் இருந்தது, கூரை இல்லை. பாடல் நிலைத்தால் பாடியவரும் நிலைத்துவிடுவார் என்னும் நம்பிக்கை இந்த இடத்தில் முற்றிலும் தோற்றுப்போகிறது.

அப்படியானால் அவரை மீட்டது எது? அவரை மீட்டவர்கள் மனிதர்கள். 1995இல் அவர் போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவரைக் கவனித்த சமூகப் பணியாளரே அவருடைய வாழ்க்கைத் துணையானார்; குடியும் போதையும் இல்லாத வாழ்க்கைக்கு அவரை நாள்தோறும் கைபிடித்து நடத்தியவர் அவரே. மறு ஆண்டிலேயே, கலிஃபோர்னியாவின் ராப் கலைஞர் ஸ்னூப் டாக், ‘ஊப்ஸ் அப்சைட் யுவர் ஹெட்’ பாடலைத் தழுவிய ‘ஸ்னூப்ஸ் அப்சைட் யா ஹெட்’ என்னும் பாட்டை வெளியிட்டபோது, பழைய பதிவை எடுத்துக்கொண்டதோடு நிற்காமல் சார்லியையும் அழைத்துப் பாடவைத்தார். இந்தச் செயலின் பெருமை சிறியதன்று. துண்டை எடுத்துக்கொள்வது எல்லோரும் செய்வது. துண்டுக்குரியவரைத் தேடிச்சென்று ஒலிவாங்கியின் முன் நிறுத்துவது சிலரே செய்வது.

ஸ்னூப் டாக் அவரை அங்கிள் சார்லி என்று அழைத்தார். இளைய தலைமுறை முழுவதும் அந்த உறவுமுறையையே எடுத்துக்கொண்டது. இரண்டு சகோதரர்களுக்கு நடுவே மேடையேறிய பாடகர், இப்போது ஒரு தலைமுறைக்கே மாமாவாகிவிட்டார். 2003இல் ஸ்னூப் டாகின் ‘பியூட்டிஃபுல்’ பாடலிலும், அதன்பின் ஜஸ்டின் டிம்பர்லேக்கும் பங்குகொண்ட ‘சைன்ஸ்’ பாடலிலும், 2013இல் கான்யே வெஸ்டின் ‘பவுண்ட் 2’ பாடலிலும் அவர் குரல் ஒலித்தது. 2005இல் வெளிவந்த தனித்தொகுப்பு அவரைத் தனிப்பாடகராக நிலைநிறுத்தியது. இடையில் 2008இல் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் அவரைத் தாக்கியது. அவர் அதை மறைக்காமல் பொதுவெளியில் பேசி, அந்நோய் அதிகமாகத் தாக்கும் கறுப்பின ஆண்கள் உரிய காலத்தில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று பரப்புரை செய்தார். 2009இல், ‘அங்கிள் சார்லி’ என்றே பெயரிட்ட அவருடைய தொகுப்பு, எல்லா வகை இசைக்கும் பொதுவான பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தில் நுழைந்தது.

ஆனால் குடும்பம் என்பது என்றும் முழுதாக இருப்பதில்லை. 2010இல், 53ஆம் வயதில், பாஸ் கிட்டார் கலைஞரான இளைய சகோதரர் ராபர்ட் மறைந்தார். அத்துடன் குழுவின் மேடைவாழ்வும் முடிவுக்கு வந்தது. 2021இல், குழுவைத் தொடங்கி, டிரம்பெட்டும் விசைக்கருவிகளும் வாசித்து, பாடல்களும் எழுதிய மூத்தவர் ரோனி மறைந்தார். தனியே எஞ்சிய சார்லி இன்று எந்த மேடையில் பாடினாலும், தன் தனிப்பாடல்களோடு மூவரும் சேர்ந்து உருவாக்கிய பாடல்களையும் பாடுகிறார். 2024 ஜனவரி 29 அன்று, அவருடைய 71ஆம் பிறந்தநாளில், ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயர் பொறித்த நட்சத்திரம் பதிக்கப்பட்டது. எந்த ஊரின் தெருக்களில் வீடின்றி உறங்கினாரோ, அந்த ஊரே தன் நடைபாதையில் அவர் பெயரை எழுதிவைத்தது.

உரிமையின் பக்கத்தையும் இங்குச் சொல்லியாக வேண்டும். 2014இன் இறுதியில் மார்க் ரான்சனும் புரூனோ மார்ஸும் வெளியிட்ட ‘அப்டவுன் ஃபங்க்’ பாடல் உலகையே ஆடவைத்தது. அதன் கூட்டுக் கூவல் பகுதி ‘ஊப்ஸ் அப்சைட் யுவர் ஹெட்’ பாடலை ஒத்திருந்ததால் உரிமைகோரல் எழுந்தது. 2015இல் அந்தப் பழைய பாடலை ஆக்கிய வில்சன் சகோதரர்கள் மூவர், ருடால்ஃப் டெய்லர், லானி சிமன்ஸ் ஆகிய ஐவரின் பெயர்களும் பாடலாசிரியர் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பாடலுரிமையில் 17 விழுக்காடு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. அப்போது ராபர்ட் மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும் அவர் பெயர் பட்டியலில் ஏறியது. அவர் ஆக்கியதற்குரிய மதிப்பு எழுத்தில் பதிவானது. உரிமை என்பது காசுக்கணக்கு மட்டுமா? இன்னார் இதை ஆக்கினார் என்று வரலாறு கையொப்பமிடும் சாட்சியமும் அதுவே.

ஆகவே இந்த வரலாறு உரைப்பது என்ன? ஒரு குரல் தானாக முளைப்பதில்லை. அதன்பின் ஒரு தேவாலயம் இருக்கிறது, ஒரு வீடு இருக்கிறது, எரிக்கப்பட்டும் எழுந்த ஒரு தெரு இருக்கிறது, முதல் அடியைத் தவறவிடாமல் காக்கும் தோழர்கள் இருக்கிறார்கள். பாட்டின் புகழ் பாடியவரைத் தானாகக் காப்பதில்லை. முறையான ஒப்பந்தமும், போதையைக் குற்றமாகப் பாராமல் நோயாகப் பார்த்து மருந்திடும் கைகளும், பெயர் சொல்லி அழைத்து மேடையேற்றும் இளையவர்களும் சேர்ந்தே காக்கிறார்கள். சார்லி வில்சனுக்கு அவை காலம் தாழ்ந்தேனும் கிடைத்தன. கிடைக்காமலே தெருவில் மடிந்த பாடகர்கள் எத்தனை பேர் என்பதை எண்ணும் ஒவ்வொரு சமூகமும், தன் கலைஞர்களுக்கு அவற்றை உரிய காலத்தில், அவர்கள் விழுவதற்கு முன்னரே தருவதற்கு உறுதி ஏற்க வேண்டும்.

இந்த அரங்கிலுள்ள இளம் கலைஞர்கள் ஒரு பழைய பாட்டை எடுத்தாளும்போது, அதை ஆக்கியவரின் பெயரையும் சேர்த்து எழுதட்டும். அவர் உயிரோடிருந்தால் தேடிச்சென்று அழைத்துவரட்டும். இசையமைப்போரும் தயாரிப்போரும் கணக்கை நேராக வைக்கட்டும். ரசிகர்கள் முன்னால் நிற்கும் குரலுக்குக் கைதட்டும்போது, பின்னால் நிற்கும் கைகளுக்கும் சேர்த்தே தட்டட்டும். கலையைக் கொண்டாடும் மக்கள் கலைஞரையும் காப்பார்கள் என்னும் நிலை வரும்போதுதான், அந்தக் கொண்டாட்டம் முழுமை பெறும்.